நாற்பத்தேழாம் எண் பட்டமரம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவருடைய அயோக்கியத்தனத்துக்குப் பிறகு வரலாம். பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் வலை கட்டுவதற்காக நட்டு வைத்திருந்த சவுக்குக் கம்புகளைப் பட்டுப்போன மரங்கள் என்று எண்ணியவன் நான். எண்ணியதோடு விட்டேனா? முழங்கால் சேற்றில் நின்று ஒவ்வொரு கம்பையும் நாடாவால் சுற்றளவு எடுத்து, உயரம் குறித்து, ‘நிலை: பட்டது’ என்று எழுதி, எண் பொறித்த அலுமினியத் தகட்டை ஆணி அடித்து மாட்டினேன். நகரத்து மரங்களைப் பற்றி இரண்டு வருடம் தனியாகப் படித்துப் பட்டம் வாங்கியவன் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். படிக்காதவனுக்கு இப்படி ஒரு தவறு வாய்க்காது. அந்தத் தகடுகளில் ஒன்று இன்னும் என்னிடம்தான். ஓரம் கறுத்து, நடுவே நாற்பத்தேழு என்ற எண் மட்டும் துலக்கமாக இருக்கிறது. வலை நூலில் கோத்திருக்கிறது. அதைக் கோத்தவர் ஓர் அக்கா. கோத்துவிட்டு அவர் மாட்டிய இடம் என் கழுத்து.

இதை எழுத வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. என்னைக் கேட்டார்கள். நான் முன்பு வேலை பார்த்த மர ஆய்வு நிறுவனத்தின் டைரக்டருக்குப் பாராட்டு விழா, மலர் ஒன்று போடுகிறோம், உங்களைப் போன்ற பழைய சீடர்கள் அவரைப் பற்றிய நினைவுகளை எழுதித் தர வேண்டும் என்று கடிதம் வந்தது. சந்தோஷமாக எழுதி அனுப்பினேன். மறுவாரமே ‘இட நெருக்கடி’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மலர் வெளிவந்தபின் பார்த்தேன், தலையணை கனத்துக்கு இருந்தது. அதில் அவர் மரம் நடும் படங்களே பாதி. எல்லாப் படத்திலும் ஒரே மண்வெட்டி. மண் ஒட்டாத மண்வெட்டி.

டைரக்டர் பார்ப்பதற்கு அழகான மனிதர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நாலாக மடித்த கைக்குட்டை, பச்சை மைப் பேனா. எங்கே போனாலும் முதலில் ஒரு மரத்தைத் தடவிக்கொடுப்பார். “தம்பி, மரம் பேசாது. அதனாலதான் நாம பேச வேண்டியிருக்கு” என்பார். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. பேசாத ஒன்றின் பெயரால் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்பதுதான் அந்த வாக்கியத்தின் பொருள் என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. சென்னையில் சாலை மரங்களுக்கு எண் மாட்டும் வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டவர் அவர்தான். தூங்குமூஞ்சி, புங்கம், வாகை என்று தெருத் தெருவாக நான் எண் மாட்டுவேன். எண் மாட்டுவது மரத்தைக் காப்பாற்ற என்றுதான் நம்பினேன். கசாப்புக் கடைக்காரன் ஆட்டின் முதுகில் வைக்கும் சாயப்பொட்டும் எண்தான் என்பது எனக்கு ஏனோ தோன்றவில்லை.

ஒரு சாலையை அகலப்படுத்தினார்கள். நான் எண் மாட்டிய மரங்கள் ஒரே வாரத்தில் விழுந்தன. ஒரு புங்கமரத்தின் கீழ் தையல் மிஷின் போட்டிருந்த அம்மா, மரம் போன பிறகும் அதே இடத்தில் குடை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெட்டியதற்கு ஈடாக மரம் நட்டாக வேண்டும் என்பது விதி. நகரத்தில் இடம் கிடையாதாம். ஆகவே சாலைக் கம்பெனிக்காக டைரக்டர் இடம் தேடினார். பழவேற்காட்டில், கோட்டைக்குப்பத்துக்கு வடக்கே, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு குப்பத்தின் ஏரிப் பரப்பைக் கண்டுபிடித்தார். அங்கே முன்பு மரங்கள் இருந்து அழிந்தன என்று காட்டிவிட்டால் போதும், வேலி போட்டு அலையாத்தி நட்டுக் கணக்கை நேர் செய்துவிடலாம். தையல்காரம்மாவின் நிழலை எடுத்து மீன்காரர்களின் தண்ணீரில் நடுவது! இதைவிடச் சுருக்கமாக இந்த நாட்டின் சுற்றுச்சூழல் நியாயத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மரங்கள் இருந்தன என்று காட்ட அனுப்பப்பட்டவன் நான். தண்ணீர் வடிந்த நேரத்தில் போய் இறங்கினேன். பட்டையோடு கூடிய சவுக்குத் தடிகள் வளைந்த வரிசையில் சேற்றில் நின்றன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடல் உள்ளே வந்து விழுங்கிய பழைய சவுக்குத் தோப்பு, அந்த வளைவுதான் அந்தக் காலத்துக் கரை என்று அங்கேயே ஒரு தத்துவம் கட்டினேன். இரண்டு பக்கம் எழுதினேன். ஊர்க்காரர்கள் கரையில் நின்று பார்த்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. அதற்கு அவர்கள் பக்கத்தில் ஒரு காரணம் இருந்தது. புயல் வந்தால் அதிகாரிகள் வந்து வீட்டுக்கு எண் போடுவார்கள், படகுக்கு எண் போடுவார்கள், பிறகு நிவாரணம் வரும். இந்த முறை கம்புக்கு எண் போடுகிறார்கள், வலைக்கு ஏதோ வரப்போகிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள். மறுநாள் காலை நான் போனபோது முந்தைய நாளைவிடக் கம்புகள் கூடியிருந்தன. ‘தோப்பு எதிர்பார்த்ததைவிட அடர்த்தியானது’ என்று எழுதிக்கொண்டு புதியவற்றுக்கும் ஆணி அடித்தேன். ஊரும் நானும் அன்று சமமான அறிவோடு இருந்தோம் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

மூன்றாம் நாள் டைரக்டர் காரில் வந்தார். சேற்றில் இறங்கவில்லை, கரையிலிருந்தே பைனாகுலரில் பார்த்தார். மதியம் நான் மேலே சொன்ன அக்கா வீட்டில் சாப்பாடு. அவர் வீட்டுக்காரர் ஏரியில் தொழில் செய்பவர், அக்கா மீனை ஏலத்தில் எடுத்து விற்பவர். ஊரில் ஏலம் கேட்கும் குரல் அவருடையதுதான், பேச்சில் அவரை மிஞ்ச ஆண்கள் யோசிப்பார்கள். பனையோலைக் கொட்டகையில் உட்கார வைத்து இறால் தொக்கு போட்டார். அந்த இறாலின் ருசியை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். டைரக்டர் ஏதோ கேட்டார், அக்கா ஏரிப் பக்கம் கை நீட்டி ஏதோ சொன்னார், டைரக்டர் தலையாட்டிவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். மாலையில் என் அறிக்கையில் பச்சை மையால் “மிக நன்று” என்று எழுதினார். கையெழுத்து மட்டும் போடவில்லை. “கண்டுபிடிச்சது நீதானே தம்பி, பேரு உன்னுதாவே இருக்கட்டும்” என்றார். எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை என்று அன்று இரவு என் மனைவியிடம் சொல்லி மாய்ந்துபோனேன்.

வேலி வந்தது. சிமென்ட் தூண், முள்கம்பி, உள்ளே வரிசையாக அலையாத்திக் கன்று. அந்த இடத்தை இழந்ததன் பொருள் புரிய வேண்டுமானால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதைக் கோயிலில் ஊர் கூடிச் சீட்டெடுத்து முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் ஒருவனுக்கே நிலையாகப் போய்விடாது, எல்லோருக்கும் முறை வரும். அந்தக் கம்புகள் நின்ற இடம் ஊருக்கே நல்ல இடம். முகத்துவாரத்துக்குத் தண்ணீர் வடியும்போது இறால் அந்த வழியாகத்தான் போகும். வேலி வந்த வருடம் சீட்டெடுக்கும்போது அந்த இடத்தின் பெயரைச் சொல்லாமலே தாண்டிப் போனார்களாம். செத்தவன் பெயரை வருகைப் பதிவேட்டில் தாண்டிப் போவதுபோல. அக்கா வீட்டுக்காரருக்கு அந்த வருடம் அங்கேதான் முறை. அவருக்குக் கம்பெனி வேறு முறை கொடுத்தது. காக்கிச் சட்டை, பூட்ஸ், விசில். தன் ஊர்க்காரர்கள் தன் பாட்டுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் காவல் வேலை.

இது எதுவும் தெரியாமல், கன்றுகள் எப்படி வளர்கின்றன என்று பார்க்க, நாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு நான் ஒருநாள் போய் இறங்கினேன். வழியெல்லாம் பெண்கள் என்னைப் பார்த்து ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என் பெயர் பரவியிருக்கிறது என்று பெருமைப்பட்டேன். பரவித்தான் இருந்தது. “பட்டமரம் சாரு வந்துட்டாரு!” என்று ஒரு குரல் கேட்டது. அக்கா ஏலத்திடலிலிருந்து எழுந்து வந்தார்.

“இன்னா சார், எத்தினி மரம் கீது இப்போ?”

நான் அசடு வழியச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அது வலைக் கம்பு சார். அதுல ஆணி அடிச்சியே, கம்பு உன்ன இன்னா பண்ணுச்சு? நெம்பர் போட்டா நிவாரணம் வரும்னு நானே நாலு கம்பு சேத்து நட்டேன். தோ, இந்தக் கையால. எங்கூட்டுக்காருக்கு பூட்ஸ் வந்துச்சு. அதான் வந்த நிவாரணம்.”

எனக்குத் தெரியாது அக்கா, டைரக்டருக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார் என்று உளறினேன். அப்போதுதான் அக்கா அன்றைய சாப்பாட்டுப் பேச்சை எடுத்து என் முகத்தில் எறிந்தார்.

“உன் பெரியவரு கேட்டாரு சார். இந்த எறா எந்த வலைலமா வருதுனு கேட்டாரு. தோ தெரியுது பாரு கம்பு, அதுல சுத்துவலை கட்டிப் புடிச்சதுனு கைய நீட்டிக் காட்னேன். சரிம்மானு கேட்டுகினாரு. நீ அப்போ இன்னா பண்ணினு இருந்தே தெரியுமா? எறா மண்டைய சப்பினு இருந்தே.”

உண்மை. என் வாழ்க்கையின் மிக முக்கியமான வாக்கியம் என் காதுக்கு ஒரு முழத் தூரத்தில் சொல்லப்பட்டபோது நான் இறால் மண்டையை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில்தான் ஓர் ஊரின் பாடு போயிற்று. அக்கா இடுப்பிலிருந்து ஒரு தகட்டை எடுத்தார். நாற்பத்தேழு. அவர் வீட்டுக்காரர் கம்பிலிருந்து பிடுங்கியது. வலை நூலில் கோத்துத் தயாராக வைத்திருந்தார் என்றால் எத்தனை நாளாகக் காத்திருந்தார் என்று பாருங்கள். குனியச் சொன்னார். குனிந்தேன். திடலில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்திருக்க, கழுத்தில் மாட்டி முடிச்சுப் போட்டார். “இப்போ உன்ன எண்ணிக்கோ” என்றார்.

தகட்டோடேயே சென்னைக்கு வந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். டைரக்டர் அறைக்குள் போய் நின்றேன். உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டேன். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். “கையெழுத்து உன்னுது தம்பி. மரத்துக்கும் கம்புக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாள் நான்னு நாலு பேர் முன்னாடி நீயே சொல்லுவியா? சொன்னா அப்புறம் எவன் உனக்கு வேலை குடுப்பான்?” குரலை உயர்த்தவே இல்லை. அந்த நிதானத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முட்டாள் என்று என்னை நானே சொல்லிக்கொள்ள மாட்டேன் என்று அவர் போட்டிருந்த கணக்கு, அறிக்கையில் நான் போட்ட கணக்கைவிடக் கச்சிதமானது. என் தொழிலில் இருந்த யாரும் அப்படிச் சொன்னதில்லை. எங்கள் மானத்தின் மேல்தான் அவர் தன் வீட்டைக் கட்டியிருந்தார். பிஸ்கட் இரண்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தின்னவில்லை. பழிவாங்கப் போகிறவன் முன்பணம் வாங்கிக்கொண்டதுபோல் ஒரு திருப்தி.

அடுத்த வருடம் சந்தர்ப்பம் வந்தது. கம்பெனிக்கு இன்னும் மரங்கள் வெட்ட வேண்டியிருந்தது, ஆகவே வேலியை இன்னும் நீட்ட வேண்டியிருந்தது. பக்கத்துப் பாட்டையும் சேர்த்து எடுக்கத் திட்டம். ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அந்தப் பாடும் போய்விட்டால் ஊருக்குச் சீட்டெடுக்க இடமே மிஞ்சாது. கூட்டத்துக்கு முதல் நாள் நான் அக்காவைப் பார்க்கப் போனேன். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். கண்ணீர் மல்க ஒரு பேச்சையே தயாரித்து வைத்திருந்தேன். நல்ல பேச்சு. அக்கா கையை ஆட்டிவிட்டார். “அழுது கிழுது வெக்காத. நீ எழுதின ரிப்போட்டையே சிரிக்கிறாப்போல படி. நாங்கோ அழுதா பேப்பர்ல ஒரு வரி வரும், அவ்ளோதான். ஊரே அவரப் பாத்து சிரிச்சுதுனு வெய்யி, அது அவரு சாவுற வரைக்கும் கூட வரும்.”

மேடையில் தலைமை அதிகாரி, பக்கத்தில் டைரக்டர். முன்வரிசை முழுக்கக் குப்பத்துப் பெண்கள். என் முறை வந்தது. இந்த நிபுணர் அறிக்கையை எழுதிய நிபுணர் நான்தான், அதிலிருந்து சில பகுதிகளை வாசிக்க அனுமதி வேண்டும் என்றேன். டைரக்டர் மெச்சுதலாகத் தலையாட்டினார், தனக்குக் கைகொடுக்க வந்த பிள்ளை என்று நினைத்துவிட்டார். வாசித்தேன். “மரம் எண் ஒன்று. இனம், சவுக்கு. கிளைகள், இல்லை. இலைகள், இல்லை. வேர், தெரியவில்லை.” பின்னால் யாரோ களுக்கென்றார்கள். “மரம் எண் ஒன்பது. உச்சியில் கிழிந்த சிவப்புத் துணி. அரிய பறவை ஒன்றின் கூட்டு எச்சமாக இருக்கலாம்.” மண்டபம் குலுங்கியது. “அய்யே, அது என் பாவாட சார்!” என்று ஒரு பெண் கத்தினார். அதிகாரி குனிந்து காகிதம் தேடினார். “மரம் எண் நாற்பத்தேழு. தலைப்பகுதியில் இரண்டு வெட்டுக் காயங்கள். தண்டைத் துளைக்கும் பூச்சியின் வேலையாக இருக்கலாம்.”

அக்கா வீட்டுக்காரர் எழுந்தார். காக்கிச் சட்டை, பூட்ஸ், கழுத்தில் விசில். கம்பெனி காவலாளியாகத்தான் அவரை மண்டபத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அவர் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

“அந்தப் பூச்சி நான்தான் சார். என் கம்புனு தெரிய ரெண்டு வெட்டு போடுவேன். என் நைனா காலத்துலேந்து எங்களுக்கு ரெண்டு வெட்டு.”

அதன்பிறகு எழுந்த சிரிப்பை இன்றும் நான் காசு கொடுத்துக் கேட்பேன். அதிகாரியும் சிரித்துவிட்டார், மேசையில் தண்ணீர் வைக்க வந்தவரும் சிரித்தார். டைரக்டர் மட்டும் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். நாலாக, பிறகு எட்டாக. அந்தச் சிரிப்பு ஓயும் இடம் பார்த்து, ஏலத்தில் கடைசி விலை கேட்பவரைப்போல அக்கா கேட்டார். “சாரே, எங்கூட்ல சோறு துன்னீங்களே. இந்த எறா எந்த வலைலமா வருதுனு கேட்டீங்களே. நான் எதக் காட்னேன்? ஞாபகம் கீதா?”

பேசாத மரங்களுக்காக ஆயுள் முழுக்கப் பேசியவர் வாயைத் திறந்தார், மூடினார். ‘பதில் இல்லை’ என்று எழுதிக்கொள்ளும்படி அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

வேலி நீளவில்லை. இருந்த வேலியின் கம்பியையும் சில மாதங்களில் உருவிக்கொண்டு போனார்கள். எனக்கு வேலை போயிற்று. அதாவது, டைரக்டர் சொன்னது பாதி பலித்தது, வேலை கொடுக்கத்தான் ஒருவரும் வரவில்லை. ஆனால் ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். எங்கள் ஊரிலும் ஒரு காடு நட்டதாக எழுதியிருக்கிறார்கள் சார், வந்து பாருங்கள் என்றார்கள். போய்ப் பார்ப்பேன். காகிதத்தில் தோப்பு, தரையில் முள்செடி. அந்த அறிக்கைகளில் எதில் பச்சை மை இருந்தாலும் எனக்கு அன்று இரட்டிப்பு உற்சாகம். இப்படியே பல வருடம் ஓடிவிட்டது. கருத்தரங்குகளில் இதைச் சுற்றுச்சூழல் நீதிக்கான பணி என்று அறிமுகம் செய்கிறார்கள். மாலை போடுகிறார்கள். நான் மறுப்பதில்லை. உள்ளே இருப்பதற்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது, அது வெறும் பழி. இல்லாத காட்டை ஒவ்வொரு முறை கண்டுபிடிக்கும்போதும் ஓர் அலுமினியத் தகட்டில் அந்த ஊர்ப் பெயரைப் பொறித்து டைரக்டர் வீட்டுக்குத் தபாலில் அனுப்புவேன். கடிதம் வைப்பதில்லை. இதுவரை எத்தனை போயிருக்கும் என்று கேட்காதீர்கள், எண்ணுவதில் எனக்கு இருக்கும் புகழ் உங்களுக்குத் தெரியும். பழி வாங்குவதால் மனம் நிம்மதியடையாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு நன்றாகவே அடைகிறது. அடுத்த நாள் மறுபடி பசிக்கிறது, அவ்வளவுதான்.

மலருக்கு எழுதியதைத் திருப்பி அனுப்பிய கோபத்தில் சென்ற மாதம் குப்பத்துக்குப் போனேன். கழுத்தில் தகடு இருந்தது. ஆய்வுக்குப் போகும் நாட்களில் எல்லாம் சட்டைக்குள் அதை மாட்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பழைய பாடு இருந்த இடத்தில் மறுபடி கம்புகள் நின்றன. சீட்டில் அந்த இடத்தின் பெயர் இப்போது வாசிக்கப்படுகிறது. அக்கா வீட்டுக்காரர் தன் காக்கிச் சட்டையை ஒரு கம்பின் உச்சியில் கைவிரித்து மாட்டியிருந்தார், வலையில் மீன் கொத்த வரும் நீர்க்காகங்களை விரட்ட. நீர்க்காகங்களோ பிடுங்காமல் விட்டுப்போன சிமென்ட் தூண்களில் வரிசையாக உட்கார்ந்து அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தன. தூண்களைச் சுற்றிச் சேறு மேடு தட்டிவிட்டது, தண்ணீர் ஓட்டம் திரும்பிவிட்டது, முன்போல் இறால் இந்த வழியாக வருவதில்லை என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு, பழைய நாற்பத்தேழாம் கம்பு மக்கிவிட்டதால் புதுக் கம்பு ஒன்றில் இரண்டு வெட்டுப் போட உட்கார்ந்தார்.

அக்கா ஏலத்திடலில் காலிக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அந்த நேரத்துக்குக் கூடை நிறைந்திருக்கும். நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன், மலர், இட நெருக்கடி, மண் ஒட்டாத மண்வெட்டி. ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து தகட்டை வெளியே எடுத்து, விளையாட்டாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன், ஆனால் என் குரல் எனக்கே விளையாட்டாகக் கேட்கவில்லை.

“அந்தக் கம்பே மக்கிடுச்சேக்கா. இத்தன வருஷம் ஆச்சு. அவுத்துடலாமா?”

அக்கா கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். மேடிட்ட ஏரியைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

“கழுத்துலயே கெடக்கட்டும்.”